படி யார் கையில்?

ஆண்டுக்கு இரண்டு முறை அந்தச் செய்தி வந்துவிடும். ஜனவரிக் கணக்கில் ஒன்று, ஜூலைக் கணக்கில் ஒன்று: அகவிலைப்படி உயர்வு. சம்பளப் பட்டியலில் அடிப்படை ஊதியத்துக்கு அடுத்தபடியாக அரசு ஊழியரின் கண் தேடும் சொல் அதுதான். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு தானியக் கடை இருக்கிறது. அகவிலை என்பதற்குத் தமிழ் அகராதி தரும் பொருள் தானிய விலை. படி என்பது அந்தத் தானியத்தை அளந்து போடும் பாத்திரம். விலைவாசிக் குறியீட்டெண், சதவீதம், நிலுவைத் தொகை என்று கணக்கு எவ்வளவு நுட்பமாகப் போனாலும், சொல்லின் அடியில் கிடப்பது நெல்லும் அதை அளக்கும் ஏனமும்தான்.

பயணப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி என்று அரசாணைகளில் அந்தப் பாத்திரம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. கடைத்தெருவில் அது இல்லை. அரிசிக் கடையில் படி கேட்டால், சாமி அறையில் நெல் நிரப்பி வைக்க ஒரு நிறைபடி வேண்டுமோ என்று நினைத்து, பாத்திரக் கடைக்கு வழி சொல்வார்கள்.

இதே சொல்லுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு: படியாள். நாளுக்கு இத்தனை படி நெல் என்று வாங்கிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், நாட்டின் பல மூலைகளில் அந்த முறைக்கு வழங்கிய பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. ஆங்கில எழுத்தில் சற்றே சிதைந்த உருவத்தில், படியாளும் பண்ணையாளும் அந்த வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஊழியரின் படியும் படியாளும் ஒரே பாத்திரத்திலிருந்து வந்தவை. ஒருவருக்கு அது கேட்டு வாங்கும் உரிமை, இன்னொருவருக்குக் காலில் விழுந்த தளை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம், அளக்கும் பாத்திரம் யார் கையில் இருந்தது, வாங்குகிறவர் அதைச் சரிபார்க்க முடிந்ததா என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் நெல்லும் அரிசியும் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் அந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர வேண்டும்.

சொல்லை முதலில் பார்த்துவிடலாம். ஏறுவதற்குப் படி, வாசலுக்குப் படி, கொலு வைக்கப் படி. பாடத்தைப் படி என்றால் ஏவல். கையெழுத்துப்படி, மூலப்படி என்றால் நகல். சொன்னபடி, நின்றபடி, அதன்படி என்று ஒட்டிக்கொண்டால் விதம். தூசி படிகிறது, வண்டல் படிகிறது, பேரம் படிகிறது. சந்தையில் "விலை படியல" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்புகிறவரும், படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் படிக்கிற பிள்ளையும் ஒரே ஒலியைத்தான் புழங்குகிறார்கள். நகல், உருவம் என்ற பொருளில் வரும் படி வடமொழிப் பிரதியிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்று சொல்வோரும், தமிழ் வேர்தான் என்று வாதிடுவோரும் உண்டு. அளவுப் படியைப் பொறுத்தவரை, படிதல் என்ற வினையை விட்டு வெகுதூரம் போக வேண்டாம் என்றே தோன்றுகிறது. தானியத்தை அளந்து பார்த்த எவருக்கும் தெரியும்: கொட்டியவுடன் இருக்கும் மட்டம் வேறு, பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டியதும் படிந்து நிற்கும் மட்டம் வேறு. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் படி என்ற அளவு உண்டு. ஆங்கிலத்தில் நெல்லைக் குறிக்கும் பேடி மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அது மலாய் மொழியில் நெல்லைக் குறிக்கும் பாடியிலிருந்து போனது. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடக் கூடாது. சம்பாவும் அளமும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்று மேடைகளில் அடிக்கடி கேட்கும் விளக்கத்தையும் இதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். வழிச்செலவுக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவைக் குறிக்கும் சம்பலம் என்ற வடசொல் பக்கத்திலேயே இருக்கிறது.

படிக்கு மூத்தது நாழி. அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் முதலில் வரக்கூடிய எழுத்துகள் ஒன்பது என்று தொல்காப்பியம் வகுக்கிறது: க, ச, த, ப, ந, ம, வ, அ, உ. அளவுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. எல்லாம் அடுக்களையிலும் களத்திலும் கைக்கு எட்டும் ஏனங்கள். அளவுக்கென்று யாரும் தனிச் சொல் தேடி அலையவில்லை. கையில் இருந்த பாத்திரமே அளவின் பெயராயிற்று. ப எழுத்துக்கு அங்கே பானைதான் நிற்கிறது, படி இல்லை. உலகத்தையே ஆளும் அரசனும் இரவு பகலாக விலங்கைத் தேடி அலையும் வேடனும் வயிற்றுக்கு வேண்டுவது ஒரே அளவுதான் என்று புறநானூற்றில் நக்கீரர் சொல்லும்போதும் அவர் எடுப்பது நாழியையே.

நாழி என்பது உள்ளே துளையுள்ள தண்டு. ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் துண்டு ஒன்று இருந்தால் போதும், தச்சனும் வேண்டாம், கன்னானும் வேண்டாம், அளவை தயார். இந்தச் சொல்லின் உறவுதான் காலத்தை அளக்கும் நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒவ்வொன்றும் 24 நிமிடம். வட்டிலில் நீர் சொட்டும் கணக்கைப் பார்த்துப் பொழுது சொன்ன நாழிகைக் கணக்கர் பழந்தமிழ் அரண்மனைகளில் இருந்தார்கள். கிராமத்தில் வயதானவர்கள் இன்றும் "நாழியாச்சு" என்று எழுந்திருப்பது அந்த வட்டிலின் மிச்சம்.

பழைய வாய்பாட்டை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஒரு ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி, அதுவே படி. 8 படி ஒரு குறுணி, அதாவது மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். இந்தக் கணக்குப்படி ஒரு படிக்கு 14,400 நெல்மணி, ஒரு கலத்துக்கு 13,82,400. யாரும் எண்ணிக்கொண்டு உட்காரப் போவதில்லை. ஆனாலும் அளவின் அடியில் ஒரு நெல்மணியை வைத்த முறை கவனிக்கத்தக்கது. அதைவிட முக்கியம், ஏணியின் பெரும்பாலான படிகள் இரட்டிப்பாகவே ஏறுகின்றன என்பது. எழுத்தறியாத ஒருவர் உழக்கை இரண்டு முறை உரியில் கொட்டிப் பார்த்தால் போதும், ஏமாற்று வெளியே வந்துவிடும். அன்றைய அளவைமுறை, வாங்குகிறவரும் சோதித்துப் பார்க்கக் கூடிய வடிவில் இருந்தது.

முறை அப்படி இருந்தது. நடப்பு எப்போதும் அப்படி இருக்கவில்லை.

அளவையைத் தன் பெயரால் முத்திரையிடுவது அரசனின் வேலை என்று சோழர் காலம் கருதியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளப்பதற்கு அரசன் பட்டப்பெயர் தாங்கிய இராசகேசரி அளவையோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்கால் சொல்லப்படுகிறது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல், நகைகளை நிறுக்க தட்சிணமேருவிடங்கன் என்னும் கல். எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் இறைவன் பெயர். கோயிலுக்குக் கொடுத்த நெல் எந்த மரக்காலால் அளந்தது என்று கல்லிலேயே வெட்டிவைத்ததன் காரணம் எளியது: மரக்கால் எது என்று சொல்லாவிட்டால் "நூறு கலம்" என்ற வார்த்தைக்குப் பொருளே இல்லை. ஊருக்கு ஊர் நாழி மாறும் என்பதை ராஜராஜனின் கணக்கர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பின்னாளில் இந்த வேறுபாடு இன்னும் பெருகியது. பட்டணம்படி, பெரியபடி, சின்னப்படி என்று பெயர்கள் பலவாயின. சென்னையில் கும்பினியார் காலத்தில் வழங்கிய படி ஏறத்தாழ 1.6 லிட்டர். இன்று பல வாய்பாடுகளில் காணப்படும் படி 1.344 லிட்டர். இரண்டுக்கும் ஏறத்தாழ கால் லிட்டர் வித்தியாசம். வணிகருக்கு அது ஒரு பெருக்கல் கணக்கு. நாள்கூலியாகப் படி நெல் வாங்கும் குடும்பத்துக்கு, அன்றைக்கு ஒரு வாய்க்குச் சோறு உண்டா இல்லையா என்பது.

களத்து மேட்டில் அளவு நடக்கும்போது பார்க்க வேண்டும். நெல் தூற்றி அம்பாரமாகக் குவிந்திருக்கும். அளப்பவர் முதல் மரக்காலைக் கொட்டும்போது "ஒன்று" என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். அடுத்துதான் ரெண்டு, மூணு. சொல்லில் மங்கலம் இருக்கும். கையில் என்ன இருக்கும் என்பது ஆளைப் பொறுத்தது. தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா? உயரத்திலிருந்து வேகமாகக் கொட்டினால் மணிகள் நெருங்கி உட்காரும், பாத்திரம் அதிகம் கொள்ளும். பக்கத்திலிருந்து மெல்லச் சரித்தால் இடைவெளி விட்டு நிற்கும், குறைவாகவே கொள்ளும். பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் ஒரு கை இறங்கும். விளிம்பு அகலமாக இருந்தால் குவியலும் பெரிதாக இருக்கும். பாத்திரம் மாறவில்லை, முத்திரை மாறவில்லை, கை மட்டும் மாறுகிறது. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று வைத்திருந்த வீடுகளைப் பற்றிய பேச்சு காவிரிப் படுகையில் இன்றும் கேட்கும். ஆத்திசூடி ஆய்த எழுத்துக்கு எடுத்துக்கொண்ட பாடமே தானியத்தைக் குறைத்து அளந்து விற்காதே என்பதுதான். எழுத்துப் பழகும் குழந்தைக்கு, கள்ளப்படியின் தீமையையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கோயிலுக்குள் படிக்கு வேறொரு வாழ்க்கை உண்டு. இறைவனுக்குச் சோறாக்கும் அரிசி அமுதுபடி. அலங்காரம் சாத்துப்படி. அன்றாடப் பூசைக்கும் பணியாளருக்கும் இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு எண்ணெய் என்று வகுத்த திட்டம் படித்தரம். மதுரையில் மார்கழி அட்டமியன்று சொக்கநாதரும் மீனாட்சியும் சப்பரத்தில் வெளிவீதிகளில் வருகிறார்கள். எல்லா உயிர்க்கும் படியளந்த திருவிளையாடலின் நினைவாக வழியெல்லாம் அரிசி தூவப்படுகிறது, மக்கள் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் வீட்டு அரிசிப் பானையில் போடுகிறார்கள். சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஆதனூரில் ஆண்டளக்கும் ஐயன் என்று பெயர் கொண்ட பெருமாள் மரக்காலைத் தலையணையாக வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார், கையில் ஏடும் எழுத்தாணியும். அளந்து, எழுதி வைக்கிற கடவுள். பசித்த மக்கள் கற்பனை செய்த தெய்வம் கைநிறைய வாரி இறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது அளந்து கொடுக்கிறது. அளந்து கொடுப்பதில்தான் அடுத்தவருக்கும் உண்டு என்ற உறுதி இருக்கிறது.

அந்தப் படித்தரம் என்ற சொல்லைத் தமிழ் கோயிலுக்குள்ளேயே விட்டுவிட்டது. கன்னடம் வெளியே கொண்டுவந்தது. கர்நாடகத்தில் ரேஷன் அட்டைக்குப் பெயர் படிதர சீட்டி. ரேஷன் என்பதன் மூலம் கணக்கைக் குறிக்கும் லத்தீன் சொல். படிதரத்தின் மூலம் அடுக்களையில் இருக்கும் பாத்திரம். தமிழில் குடும்ப அட்டை, நியாயவிலைக் கடை என்று நல்ல சொற்கள் உள்ளன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சாமிக்கு இருந்த படித்தரம் சனங்களுக்கும் வந்தது என்று ஒரு சொல்லால் சொல்லிவிடும் வாய்ப்பு தமிழுக்குத்தான் முதலில் இருந்தது. அது கைவிட்டுப் போனதில் வருத்தம் உண்டு.

இனிச் சொல்லப்போவது இந்தச் சொல்லின் கடினமான பகுதி.

1940-களின் தஞ்சை மாவட்டம். தென் கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் பண்ணையாட்களை ஒன்றுதிரட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குப் பிந்தி வந்தால் சாட்டையடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். 1944-ல் மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஏற்பட்ட ஒப்பந்தம் இந்த இரண்டு கொடுமைகளையும் நிறுத்தியது என்பது பலருக்குத் தெரியும். அதே போராட்டத்தில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது: கூலி நெல்லை முத்திரை மரக்காலால் அளக்க வேண்டும். அடிக்காதே, சாணி கரைத்துக் குடிக்க வைக்காதே என்ற கோரிக்கைகளுக்குப் பக்கத்தில் மரக்காலைப் பற்றிய கோரிக்கை எப்படி இடம்பிடித்தது என்று இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம். அந்தப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அதில் வியப்பில்லை. சாட்டை முதுகில் விழுந்தது. கள்ள மரக்கால் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் தட்டில் விழுந்தது.

24 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, அதே கீழைத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தலித் மக்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கொலைக்கு முன் அங்கே நடந்த கூலிப் போராட்டத்தைச் சுற்றுவட்டாரம் இன்றும் நினைவில் வைத்திருப்பது அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டம் என்றுதான். அரைப்படி. ஒரு உரி. பழைய வாய்பாட்டில் 7,200 நெல்மணி. கொலை வழக்கில் கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதற்கிடையில் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிக்கென்று தனிச் சட்டம் வந்தது. நியாயக் கூலி என்பது தனிச் சட்டமாக வந்து சேர அவ்வளவு உயிர் போக வேண்டியிருந்தது.

மன்னார்குடி ஒப்பந்தத்துக்கும் கீழ்வெண்மணிக்கும் நடுவில் படி ஒரு தேர்தலையே தூக்கிச் சென்றது. 1956-ல் எடை அளவைத் தரச் சட்டம் வந்து, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக அமலாகியிருந்தது. சட்டப்படி அரிசிக்குக் கிலோதான். ஆனால் 1967 தேர்தலில் தி.மு.க. மக்கள் முன் வைத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அது முழங்கியது. கிலோ என்று சொல்லியிருந்தால் அந்த முழக்கத்துக்கு அந்த வேகம் வந்திருக்காது. அரிசிப் பஞ்சத்தில் வரிசையில் நின்று களைத்திருந்த தாய்மார்களின் கை, உலையில் போடும் அரிசியைக் கிலோவில் அறிந்திருக்கவில்லை. படி என்றதும் பாத்திரம் கண்முன் வந்தது, அதில் மூன்று முறை முகந்தால் எத்தனை நாளைக்கு ஓடும் என்ற கணக்கும் வந்தது. அண்ணா முதலமைச்சரான அதே ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. மூன்று படி எட்டாமலே போனது. ஆனால் ஏழை வீட்டு அரிசி அளவுக்கு அரசு பொறுப்பு என்ற எண்ணம் மாநிலத்தில் ஊன்றிவிட்டது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் விலையில்லா அரிசி என்று வந்த எல்லாம் அந்த ஒரு படியின் மேல் வைத்த அடுத்தடுத்த படிகள்.

இலங்கையிலும் அரிசி அளவை ஆட்சிகளை ஆட்டியிருக்கிறது. அங்கே தமிழர் நாவில் படிக்குப் பதில் கொத்து, சுண்டு. 1953-ல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 அன்று தீவே ஹர்த்தாலில் நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். மீண்டும் ஆட்சிக்கு வந்த அவர் 1966-ல் வாராந்தரப் பங்கை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். இலவசம் என்பது மக்களின் கோபத்தைத் தணிக்கவில்லை. 1970 தேர்தலில் எதிரணி இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது, வென்றது. விலையைக் காட்டிலும் அளவு ஆழமாகத் தைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது படியும் இல்லை, மரக்காலும் இல்லை. மின்னணுத் தராசு இருக்கிறது, சிவப்பு எண்கள் ஒளிர்கின்றன. கை விளையாட்டுக்கு இடமில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பழைய அளவைக்கு இருந்த ஒரு குணம் இந்தத் தராசுக்கு இல்லை. படியைப் பார்த்தாலே அது படிதானா, அடி மேடு கட்டிய படியா என்று ஓரளவு தெரியும். கையை உள்ளே விட்டுப் பார்க்கலாம். தராசின் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எண் எதிரே நிற்பவருக்குத் தெரியாதபடி உள்பக்கம் திரும்பியிருந்தால் அது காட்டும் எடைகூடத் தெரியாது.

கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகும் விவசாயியிடம் கேட்டால் சொல்வார். நெல் அங்கே 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கப்படுகிறது. சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதலாகப் போனால், 40 சிப்பம் போடுகிறவர் ஒரு சிப்பத்தைச் சும்மா கொடுத்துவிட்டு வருகிறார் என்று பொருள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்பிவிடலாம். அந்தச் சதவீதத்தைச் சொல்வது கைக்குள் அடங்கும் ஒரு கருவி, அதைப் பிடித்திருப்பவர் அலுவலர். பத்து நாள் சாலையோரம் நெல்லைக் காயப்போட்டு, மழைக்குத் தார்ப்பாய் போட்டுக் காவல் காத்த மனிதருக்கு, எதிரே இருப்பவர் சொல்லும் எண்ணை நம்புவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. சரிபார்க்கத் தன்னிடம் ஒரு உழக்குகூட இல்லாத நிலைமை அது.

ரேஷன் கடை வரிசையிலும் இதே கதைதான். விற்பனையாளரைக் கேட்டால், கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைந்து வருகிறது என்பார். அதில் உண்மை இருக்கக்கூடும். நடுவில் எங்கே குறைந்தாலும் கடைசியில் குறைவது கார்டுதாரரின் பையில். 20 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு சின்னக் குடும்பத்தின் ஒரு நாள் சோறு போயிற்று. விலையில்லாமல் கிடைப்பதில் எடையைக் கேட்பது முறையா என்று தயங்கி நகர்ந்துவிடும் வயதானவர்கள் பலர். அந்தத் தயக்கம் தேவையற்றது. இலவசமாக வந்தாலும் அது அவர்களுடைய படித்தரம், அளந்து கொடுக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடுகிறவர்களுக்கு முத்திரை ஆய்வாளர் என்ற பெயரே உண்டு. முத்திரை மரக்காலுக்காகப் போராடிய மாநிலத்தில் இந்தப் பெயருக்கும், கூலியைக் கவனிக்கும் துறையிடமே தராசும் இருப்பதற்கும் ஒரு தகுதி இருக்கிறது. குறை, சோதனை தராசுக்காரருக்கும் ஆய்வாளருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான். கடையில் அரிசி வாங்குகிறவரோ நிலையத்தில் நெல் கொடுக்கிறவரோ அங்கே இல்லை.

அதை மாற்றப் பெரிய திட்டமோ பெரும் செலவோ வேண்டாம். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் ஒவ்வொரு நியாயவிலைக் கடையிலும் முத்திரையிட்ட 5 கிலோ, 20 கிலோ எடைக்கற்களை மேசைக்கு வெளியே, மக்கள் பக்கம் வைக்கலாம். தன் முறை வருவதற்கு முன்னால் எவர் வேண்டுமானாலும் அந்தக் கல்லைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதி மாட்டலாம். எண் காட்டும் பலகை வாங்குகிறவரைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கலாம். ஈரப்பதக் கருவி நிலையத்துக்கு இரண்டு இருக்கட்டும், ஒன்று அலுவலர் கையில், ஒன்று விவசாயிகள் தாங்களே சோதித்துப் பார்க்க. இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் மூன்றாவது அளவு எடுக்கும்வரை நெல்லைத் திருப்பக் கூடாது. கடையில் மூட்டை இறங்கும்போதே எடை போட்டு, வந்த எடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் விற்பனையாளரும் பழியிலிருந்து தப்புவார்.

டெல்டாவில் குறுவை அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே இதைத் தொடங்கலாம். கற்களுக்கு முத்திரையிட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், வைக்க மேசை இருக்கிறது. முதல் ஊராக மன்னார்குடியை எடுத்துக்கொள்ளலாம்.